ஓரத்துக்குப் போன அம்பு

சித்த உள்ள தள்ளிக்கங்க தம்பி. நான் இந்த ஓரத்துல உக்காந்துக்கறேன். முன்னாடி பச்சைச் சேலை தெரியுதுங்களா, டிரைவருக்குப் பின்னாடி ஜன்னலோரமா, அது என்ற வீட்டம்மா. இங்கிருந்தாத்தான் எட்டிப் பாக்கத் தோதா இருக்கும். லேடீஸ் சீட்டுல எடம் கெடச்சதும் உக்காரவெச்சுட்டு வந்துட்டேன். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றோமுங்க. இல்லீங்க, பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல. ரிவ்யூ. தாராபுரம் வரைக்கும் போகோணும்.

உங்க லேப்டாப்புல பெங்குவின் ஒட்டியிருந்ததப் பாத்துத்தான் இந்த சீட்டுக்கு வந்தேன். லினக்ஸுங்களா? இல்லீங்களா? படம் அழகா இருந்துதுன்னு ஒட்டுனீங்களாக்கும். சரி, அது போகுது. விண்டோஸ் மாதிரித்தானுங்க அதுவும். ஆனா ஒரு ஆளுக்குச் சொந்தமில்ல. உள்ள என்ன எழுதியிருக்குதுன்னு யாரு வேணும்னாலும் பிரிச்சுப் பாக்கலாம், தப்பு இருந்தாத் திருத்திக் குடுக்கலாம். நான் பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் லேப் பாத்துக்கறேன். பேரு தெய்வசிகாமணி. அந்த லினக்ஸுல, மவுஸ் டிரைவர்ல, நான் திருத்துன திருத்தம் ஒண்ணு இருக்குதுங்க. நெசமாத்தான். உலகத்துல எங்கயோ ஒருத்தன் இன்னிக்கு மவுஸத் தொடறான்னா அதுல என்ற எழுத்தும் ஓடுது. சும்மா பெருமைக்குச் சொல்லல. அது எப்படி வந்துதுன்னா, எல்லாம் இவளாலதான்.

கோகிலவாணி. கல்யாண ஆல்பம் டிசைன் பண்றவ. எங்கூர்ல ரத்தினமூர்த்தின்னு ஒருத்தர் ஸ்டூடியோ வெச்சிருக்காரு, அவர் படமெல்லாம் குடுத்து விடுவாரு, இவ வீட்டுலயே உக்காந்து பக்கம் பக்கமா அடுக்கி, பூ வெச்சு, பேரு போட்டுக் குடுப்பா. வேலை அவ்வளவு சுத்தம். மொதல்ல விண்டோஸ்லதான் பண்ணிக்கிட்டிருந்தா. நான்தான் புடிச்ச புடியா லினக்ஸ் போட்டுவிட்டேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா. "பழகுன கத்திய எடுத்துட்டு வேற கத்தியக் குடுத்தா எப்படிங்க மாமா"ன்னா. அப்புறம் பழகிக்கிட்டா. அவ எதையும் பழகிக்குவா தம்பி. அதான் அவகிட்ட ஒரு கொணம்.

முந்துன வருசம் மழைக்காலத்துலதான் இது ஆரம்பிச்சுது. நான் கூடத்துல பேப்பர் பாத்துக்கிட்டிருக்கேன், அவ ரூமுக்குள்ள இருந்து கூப்பிடறா. "மாமா, அம்பக் காணோம்."

அம்புன்னா மவுஸ நகத்தும்போது ஸ்க்ரீன்ல ஓடுமே, அது. போய்ப் பாத்தா மூலைல நிக்குது. "இதா இருக்குது பாரு"ன்னேன். "எங்க?" "இதா, வலது ஓரத்துல." அவ தலையத் திருப்பிப் பாத்துட்டு, "அட, இப்பத்தான் கண்ணுல படுது"ன்னா. சரின்னு வந்துட்டேன். மறுபடியும் கூப்பிடறா. இந்தத் தடவ இடது ஓரம். அன்னிக்கு மட்டும் எத்தனை தடவ எந்திரிச்சுப் போனேன்னு கணக்கே இல்லீங்க.

நான் என்ன பண்ணுனேன்? பேட்டரி மாத்துனேன். அடியில விரிக்கிற அட்டைய மாத்துனேன். அப்புறம் மவுஸவே மாத்துனேன். அப்பவும் போகுது. நீங்களே சொல்லுங்க, மவுஸ மாத்தியும் போகுதுன்னா கோளாறு மவுஸுல இல்ல. அப்ப வேற எதுல? டிரைவர்லதான். இது சாதாரண புத்தி. டிரைவர்ங்கறது ஒண்ணுமில்ல, கை நகர்றத மவுஸு அதோட பாஷைல சொல்லும், அத வாங்கி கம்ப்யூட்டருக்குப் புரியற பாஷைல சொல்றவன். நடுவுல இருக்கறவன் தப்பாச் சொன்னா அம்பு தப்பான எடத்துக்குத்தான போகும்?

ஒரு ஞாயித்துக்கெழம முழுக்க அவ சேர்ல நானே உக்காந்து ஆட்டிப் பாத்தேனுங்க. ஒண்ணும் ஆகல. மேல, கீழ, இந்த ஓரம், அந்த ஓரம், சொன்ன பேச்சுக் கேக்குது. எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அவ காப்பி கொண்டாந்து வெச்சா. டம்ளர மேசை விளிம்புல வெச்சுட்டா, அது கீழ விழுந்து தரையெல்லாம் காப்பி. "கண்ணு எங்க இருக்குது உனக்கு"ன்னு திட்டிப்போட்டு, தரையத் தொடைக்க எந்திரிச்சேன். தொடச்சுட்டு வந்து மவுஸத் தொட்டம் பாருங்க, தொட்ட உடனே, அம்பு ஒரு தாவுத் தாவி வலது ஓரத்துக்குப் போயி ஒட்டிக்குச்சு!

கத்தீட்டேனுங்க. பக்கத்து வீட்டுல எட்டிப் பாத்தாங்க.

என்ன நடக்குதுன்னா, மவுஸச் சித்த நேரம் தொடாம விட்டா கரண்டு மிச்சம் பண்றதுக்காக அதத் தூங்க வெச்சுருது சிஸ்டம். மறுபடியும் தொட்டதும் முழிக்குது. முழிச்ச உடனே மவுஸு மொத வார்த்தைய உளறுது. தூக்கத்துல எந்திரிச்சவன் உளறுவானே, அந்த மாதிரி. டிரைவர் அந்த உளறல உண்மைன்னு நம்பி அம்பத் தூக்கி ஓரத்துல வீசுது. புடிச்சுட்டேன். "கோகிலா, புடிச்சுட்டேன் புள்ள! உன்ற மேல தப்பில்ல!"ன்னேன். அவ காலி டம்ளரோட நின்னுக்கிட்டு, "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லீங்களா மாமா?"ன்னு கேட்டா. "உனக்கென்ன? எல்லாம் டிரைவர்"ன்னேன். அவ மொகத்துல அப்படி ஒரு சந்தோஷம் தம்பி. சும்மா சொல்லக்கூடாது.

அந்த டிரைவரப் பாத்துக்கற ஆளு வெளிநாட்டுக்காரரு. அவருக்கு எழுதிப் போட்டேன். இந்த மாதிரி என்ற மனைவிக்கு அம்பு ஓரத்துல காணாமப் போகுது, காரணம் இதுதான்னு. மறுநாளே பதில் வந்துது. நீங்க கண்டுபுடிச்ச பிழை சரிதான், திருத்தத்த அனுப்புங்கன்னு எழுதியிருந்தாரு. கீழ இன்னொரு வரி. "உங்க மனைவி சொல்றதும் இந்தப் பிழையும் ஒண்ணுதானான்னு எனக்குத் தெரியல. அம்பு தாவுதுன்னு அவங்க சொல்றாங்களா, இல்ல, காணோம்னு மட்டும் சொல்றாங்களா? வேற யாராவது அவங்க சேர்ல உக்காந்தா இப்படி ஆகுதா?"

எனக்குக் கோவம் வந்துருச்சு. என்னங்க கேள்வி இது? என்ற பொண்டாட்டி பொய் சொல்றாளாக்கும்? "எனக்கே ஆச்சு, என் கண்ணால பாத்தேன்"னு எழுதிப் போட்டேன். அவரு அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல. திருத்தத்த ஏத்துக்கிட்டாரு. அடியில என்ற பேரு. தாராபுரம் தெய்வசிகாமணி. லேபுல எல்லாருக்கும் மைசூர்பாகு குடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அவ கம்ப்யூட்டர்ல அந்தத் திருத்தத்தப் போட்டுவிட்டு, "இப்பப் பாரு"ன்னேன். பாத்தா. கொஞ்ச நேரம் ஆட்டிப் பாத்தா. "ரொம்பச் சந்தோஷம் மாமா"ன்னா. அப்புறம் மெதுவா, "ஆனா இன்னும் போகுதுங்களே"ன்னா.

நான் நம்பல. நம்பலைன்னா, இன்னொரு பிழை இருக்குதுன்னு நெனச்சேன். ஒரு எடத்துல பாம்பு இருந்தா ஜோடி இருக்கும்பாங்கல்ல.

அதுக்கெடையிலதான் அந்த ஆல்பப் பிரச்சினை. காங்கேயத்துப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். ரத்தினமூர்த்தி ஆல்பத்தக் கையில தூக்கிக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டாரு. உக்காரக்கூட இல்ல. பக்கத்தத் திருப்பி, "இதப் பாருங்கம்மா"ன்னு இவகிட்டக் காட்டறாரு. ரெண்டு பக்கத்துக்கும் சேத்து விரிச்சுப் போட்ட குடும்பப் படம். பொண்ணு மாப்பிள்ளை நடுவுல. பொண்ணோட தோள் மேல ஒரு கை இருக்குதுங்க. கை மட்டும். மோதரம் போட்ட ஆம்பளக் கை. ஆளக் காணோம்.

"அது தாய்மாமன் கைங்கம்மா," ரத்தினமூர்த்தி சொல்றாரு. "சீரெல்லாம் செஞ்ச மனுசன். ஆல்பத்துல அவரு ஒரு பக்கத்துலயும் இல்ல. ஓரமா நின்ன படத்துல எல்லாம் வெட்டி விட்டுருக்கீங்க. அக்கட்டால பெரியப்பா, அவரும் இல்ல. என்ற ஸ்டூடியோ வாசல்ல வந்து நின்னு கத்தறாங்க. ஏதாச்சும் மனசுல வெச்சுக்கிட்டுப் பண்ணுனதான்னு கேக்கறாங்க."

இவ அந்தப் படத்த மடில வெச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தா. வெரல வெச்சு ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் தடவுனா. "நான் யாரையும் வெட்டலீங்கண்ணா," அப்படின்னா. "படத்துல அவ்வளவு பேருதான் இருந்தாங்க."

ரத்தினமூர்த்தி என்னப் பாத்தாரு. நான் எடுத்துச் சொன்னேன். இல்லீங்க, படத்த வெட்டறதுக்கு ஒரு கட்டத்த இழுப்பாங்க, இழுக்கும்போது டிரைவர் துள்ளுனா கட்டம் உள்ள நகந்துரும், அதுல ஓரத்துல நின்னவங்க போயிடுவாங்க, இது தெரிஞ்ச கோளாறுதான், நானே திருத்தி அனுப்பியிருக்கேன்னு. அந்த மனுசன் ஆல்பத்த மூடுனாரு. "அம்மாவக் கண்ணு டாக்டர்கிட்டக் காட்டுங்க"ன்னுட்டுப் போயிட்டாரு. அதோட படம் வர்றது நின்னுபோச்சு.

காட்டாம இல்லீங்க! என்ன ஏதோ கல்நெஞ்சன்னு நெனச்சுக்காதீங்க. மறுநாளே கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். எழுத்து அட்டை மாட்டி வெச்சிருப்பாங்கல்ல, மேல பெருசு, கீழ வரவரச் சிறுசு. கடைசி வரி வரைக்கும் தண்ணி பட்ட பாடாப் படிச்சா. கடைக்காரரே அசந்துட்டாரு. "இந்த வயசுல இப்படி ஒரு பார்வையா? கண்ணாடியே வேண்டாங்க"ன்னாரு. அப்புறம் நான் என்ன நெனைக்கறது? கண்ணுல குத்தமில்ல. அப்ப சிஸ்டத்துலதான் குத்தம். வெளிய வரும்போது "பாத்தியா?"ன்னேன். அவ அதுக்குள்ள வாசப்படில எதுக்க வந்த ஒரு அம்மா மேல நேராப் போயி மோதிக்கிட்டா.

அப்பத்தான் ஒண்ணு சொன்னா. பஸ் ஸ்டாண்டுல நிக்கிறோம். "மாமா, இப்பெல்லாம் ஆளுக நடந்து வர்றதே இல்லீங்க"ன்னா. என்ன புள்ள ஒளர்றேன்னேன். "நெசமாத்தான். திடீர்னு முன்னாடி மொளைக்கிறாங்க. எங்கிருந்து வந்தாங்கன்னே தெரியறதில்ல. போகும்போதும் நடந்து போறதில்ல. பாதியில அழிஞ்சு போயிடறாங்க."

வெயில்ல நின்னதுல அப்படிப் பேசறான்னு நெனச்சு எளநி வாங்கிக் குடுத்தேன்.

ஸ்கூட்டி ஓட்டறத அவளாவே விட்டுட்டா. ஒருநாள் வந்து சாவிய என்ற கையில குடுத்துட்டு, "இனிமே எனக்கு வேண்டாங்க"ன்னா. ஏன்னு கேட்டதுக்கு, பள்ளிக்கூடம் விட்ட நேரத்துல வந்துக்கிட்டிருந்தாளாம், ரோடு காலியா இருந்துச்சாம், அப்புறம் பாத்தா காலியா இல்லியாம். அவ்வளவுதான் சொன்னா. யாருக்கும் ஒண்ணும் ஆகல. 

தலைவலின்னு படுப்பா. நான் ஸ்க்ரீன் வெளிச்சத்தக் கொறச்சு மஞ்சளா வெச்சுக் குடுத்தேன். ரெண்டு தோள்லயும் கன்னிப் போயிருக்கும், கதவு நெலவுல இடிச்சுக்குவா. நெலவுல ஸ்பாஞ்ச் ஒட்டிவிட்டேன். நம்மால ஆனத நாம செய்யோணுமில்லீங்களா.

அப்புறம் நான் செஞ்சதுதான் உண்மையிலயே நல்ல வேலை. அத நான் யாருக்கும் அனுப்பல, அவளுக்காக மட்டும் எழுதுனது. அம்பு ஓரத்துக்குப் போனாத்தான காணாமப் போகுது? ஓரத்துக்கே போகாமப் பண்ணீட்டா? டிரைவருக்கு மேல சின்னதா ஒண்ணு எழுதி, ஸ்க்ரீனுக்கு நடுவுல ஒரு கட்டம் கட்டி, அம்பு அந்தக் கட்டத்தத் தாண்டாதபடி பண்ணீட்டேன். அவளுக்கு வேண்டிய பட்டன், படம், எல்லாத்தையும் நடுவுல கொண்டாந்து வெச்சேன். ஓரமெல்லாம் கறுப்பு.

அவ உக்காந்து பாத்தா. "இப்பப் போகுதா?" "இல்லீங்க மாமா." "போகுதா?" "போகலீங்க." அன்னிக்கு நான் பட்ட சந்தோஷத்த அந்த மைசூர்பாகு அன்னிக்குக்கூடப் படலீங்க. வேற ஸ்டூடியோல சின்னச் சின்ன வேலை வாங்கிக் குடுத்தேன், பண்ண ஆரம்பிச்சுட்டா. கம்ப்ளெயின்ட்டே இல்ல. மாசக்கணக்கா இல்ல. நடுநடுவுல வந்து, "மாமா, கட்டத்த இன்னுங்கொஞ்சம் சின்னதாக்கிக் குடுங்க"ன்னு கேப்பா. ஆக்கிக் குடுப்பேன். மறுபடியும் கேப்பா. மறுபடியும் ஆக்கிக் குடுப்பேன். அதுல என்ன கஷ்டம்? ஒரு எண்ண மாத்துனா ஆச்சு.

பல்லடம் வந்துருச்சுங்களா. ஒரு நிமிசம் இருங்க, எட்டிப் பாத்துக்கறேன். உக்காந்துதான் இருக்கா.

எங்க விட்டேன்? ஆமா. அவ அண்ணன் ஒருத்தர் திருப்பூர்ல இருக்காருங்க. மோகனசுந்தரம். பொங்கலுக்கு வந்தாரு. இவ ரூமுக்குள்ள வேலை பாத்துக்கிட்டிருக்கா. அவரு உள்ள போயி நின்னுருக்காரு, தங்கச்சி திரும்பிப் பாப்பா, வாங்கண்ணாம்பான்னு. பக்கத்துலயே நின்னுருக்காரு, கைய நீட்டுனாத் தொடற தூரத்துல. இவ பாக்கவே இல்ல. அப்புறம் அவரு ஸ்க்ரீனப் பாத்துருக்காரு. அவ்வளவு பெரிய ஸ்க்ரீன்ல நடுவுல ஒரு போஸ்ட் கார்டு அளவுக்கு வெளிச்சம், சுத்தியும் கறுப்பு.

வெளிய வந்து, "என்னங்க மாப்பிள்ள இது?"ன்னாரு. நான் ஆர்வமா எடுத்துச் சொன்னேன், டிரைவரு, தூக்கத்துல உளர்றது, வெளிநாட்டுக்காரரு, கட்டம், எல்லாம். கேட்டுக்கிட்டே இருந்தாரு. பாதியிலயே எந்திரிச்சு, "கோகிலா, சேலைய மாத்திக்கிட்டு வண்டில ஏறு"ன்னாரு. பொங்கலுக்கு வெச்ச சாப்பாடு அப்படியே இருக்குது. எனக்குச் சங்கடமாப் போச்சு. ஒறம்பரை வந்தா சாப்பிட்டுட்டுப் போகோணுமில்லீங்களா? அவ ஒரு வார்த்தை கேக்கலீங்க தம்பி. ஏன், எங்கன்னு ஒண்ணும் கேக்கல. இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்த மாதிரி எந்திரிச்சுப் போயி வண்டில ஏறிட்டா.

பண்டிகை நாள்ல பெரிய ஆஸ்பத்திரில அவசரத்துக்குத்தான் டாக்டரு இருந்தாரு. அப்புறம் கண்ணு டிபார்ட்மென்ட். அங்க ஒரு மெஷின். ஒரு குண்டானுக்குள்ள மூஞ்சிய வெச்ச மாதிரி வெச்சுக்கோணும். உள்ள அங்கங்க ஒரு புள்ளி வெளிச்சம் வந்து போகும். தெரிஞ்சா கைல குடுத்த பட்டன அமுத்தோணும். நான் வெளிய நின்னு கேட்டுக்கிட்டிருக்கேன். டிக்குன்னு ஒரு சத்தம். அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்ல. டிக். அப்புறம் ஒண்ணுமே இல்ல. அந்த அமைதி எனக்குப் புடிக்கவே இல்லீங்க. முடிச்சு ஒரு தாள் குடுத்தாங்க. ரெண்டு வட்டம், ரெண்டு கண்ணுக்கும். ரெண்டுலயும் வெளிப்பக்கம் பூராக் கறுப்பு. நான் அந்தப் பொண்ணுகிட்ட, "ஏம்மா, இந்தப் பட்டன் சரியா வேலை செய்யுதான்னு பாத்தீங்களா? அமுத்துனது பதிவாகாம இருக்கலாம், இதுக்கும் ஒரு டிரைவர் இருக்குமே"ன்னு கேட்டேன். மோகனசுந்தரம் என்ற தோளப் புடிச்சு வெளிய கூட்டிட்டுப் போயிட்டாரு.

மூளை டாக்டரு வயசானவரு. நிதானமாப் பேசறவரு. இவள அவருக்கு நேரா உக்கார வெச்சு, "என் மூக்கையே பாருங்கம்மா, கண்ண நகத்தக் கூடாது"ன்னாரு. நான் அவளுக்குப் பக்கத்துல, இடது தோளோரமா நின்னுக்கிட்டிருக்கேன். இந்தா, உங்களுக்கும் எனக்கும் இருக்கற எடவெளிதான். டாக்டரு கேட்டாரு.

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"

அவ அவரு மூக்கப் பாத்துக்கிட்டே சொன்னா. "அவரு வெளிய போயிட்டாருங்களே டாக்டர்."

 டாக்டரு என்னப் பேசவேண்டாம்னு கையக் காட்டுனாரு.  நான் அங்கதான் நிக்கிறேன். என்ற சட்டை அவ தோள்ல உரசுது.

ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டுச் சொன்னாரு. மூளைக்கு அடியில, மூக்குக்கு நேர் பின்னாடி, ஒரு சின்னச் சுரப்பி இருக்குதாம். அதுல கட்டி. கண்ணுல இருந்து போற ரெண்டு நரம்பும் குறுக்க வெட்டிக்கிற எடத்துல போயி அமுத்திக்கிட்டிருந்துருக்குது. நடுப்பார்வை கடைசி வரைக்கும் நல்லா இருக்குமாம், ஓரந்தான் மொதல்ல போகுமாம். அதான் எழுத்தெல்லாம் படிச்சுட்டா. பொம்பளைங்க விசயம் ஒண்ணும் நின்னு போயிருந்துச்சாம், வயசாகுதுன்னு நெனச்சு எங்கிட்டச் சொல்லல. "எப்ப இருந்து இப்படி?"ன்னு டாக்டரு கேட்டாரு. அவ என்னப் பாக்கத் திரும்புனா. எனக்குத் தேதி நல்லாத் தெரியுமே, அந்தப் பிழைய மொதல்ல எழுதிப் போட்ட தேதி. சொன்னேன். டாக்டரு பேனாவ மூடி வெச்சாரு. "அப்பவே வந்திருந்தா மாத்திரைலயேகூட முடிஞ்சிருக்கலாம்"னாரு. அப்பவே நான் டிரைவரத் திருத்திட்டேன்னு சொன்னேன். அவருக்கு அது வெளங்கலை. அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங்க.

மூக்கு வழியாவே ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. தலைல ஒரு கீறல்கூட இல்ல. விஞ்ஞானம்! முழுசா எடுக்க முடியல, ஒட்டிக்கிட்டிருந்தத விட்டுவெச்சிருக்காங்க. ஓரப் பார்வை கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமயும் போகலாம், நரம்பு ரொம்ப நாள் அமுந்து கெடந்துருச்சுன்னாரு. மோகனசுந்தரம் என்னோட பேசறதில்லீங்க. அவரு கோவம் அவருக்கு. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க தம்பி. அந்த டிரைவர்ல பிழை இருந்துது. அது பொய்யில்ல. ஆயிரம் பேரு அந்த மவுஸ வெச்சு அவதிப்பட்டுக்கிட்டிருந்தாங்க. இவளுக்கு இப்படி ஒண்ணு வரலைன்னா அத நான் தேடியே இருக்க மாட்டேன். பிழை இருந்துது, திருத்துனேன். அதுல என்ன தப்பு?

இன்னிக்கு ரிவ்யூவுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. நல்ல கூட்டம். அந்தப் புள்ளி மெஷின்ல மறுபடியும் பாக்கச் சொன்னாங்க, அதுக்கு ரொம்ப நேரம் உக்காந்திருக்கோணும், அடுத்த தடவ பாத்துக்கலாம்னு நான்தான் சொன்னேன். டாக்டரு கேட்டாரு, "புதுசா ஏதாவது தொந்தரவு இருக்குதாம்மா?" இவ சொல்ல வாயத் தொறந்தா. நான் முந்திக்கிட்டு, "ஒண்ணுமில்லீங்க டாக்டர், நல்லா இருக்கா"ன்னுட்டேன். ஏன்னா இவ என்ன சொல்லப் போறான்னு எனக்குத் தெரியும். போன வாரத்துல இருந்து எழுத்து மங்கலாத் தெரியுதுங்கறா. ஓரத்துல இல்லீங்க, நடுவுல. அவ நேராப் பாக்கற எழுத்து. அது எழுத்துரு விசயம் தம்பி. போன வாரந்தான் ஒரு அப்டேட் வந்துது. அப்டேட் வந்தா எழுத்தோட விளிம்பு இப்படி ஆகறது உண்டு. அதப் போயி மூளை டாக்டர்கிட்டச் சொல்ல முடியுங்களா? சிரிப்பாரு.

என்னங்க? இல்ல, இல்ல, எறங்கித் திரும்பிப் போறதா? எதுக்குங்க? அட, நீங்க வேற. லேப்டாப்பு வெச்சிருக்கற பையன் நீங்களே இப்படிச் சொன்னா எப்படி? இருங்க, காட்டறேன். அவ லேப்டாப்பு பைலதான் இருக்குது, வழியில பாக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். இந்தா. இந்த வரியப் படிங்க. இது மங்கலாத் தெரியலீங்களா உங்களுக்கு? நல்லாப் பாருங்க. கிட்ட வெச்சுப் பாருங்க. ஓரமெல்லாம் பிசிறடிச்சாப்புல இல்லீங்களா? தெளிவாத் தெரியுதா? வெயில்ல அப்படித் தெரியும். எனக்கும் இப்பத் தெளிவாத்தான் தெரியுது. பரவால்ல. தெளிவாத் தெரியறவங்களுக்குத் தெளிவாத்தான் தெரியும், அதுதான் இந்த மாதிரிப் பிழையோட சிக்கலு. வீட்டுல போயி அவ பாக்கற மானிட்டர்லயே வெச்சுப் பாக்கறேன். எழுத்தக் கொஞ்சம் பெருசாக்கி, தடிமனாக்கிக் குடுத்தாப் போதும். அவ பழகிக்குவா.

குண்டடம் தாண்டியாச்சு. இனி வந்துரும். நீங்க ஏன் இப்படிப் பாக்கறீங்க தம்பி?

சித்த இருங்க. கூப்பிடறா.

என்ன புள்ள? ஆ? கேக்கல, சத்தமாச் சொல்லு!

மேகம் போட்டிருச்சான்னு கேக்கறா. வெளிய இருட்டிக்கிட்டு வருதாம்.

தம்பி, உங்க பக்கத்து ஜன்னல்ல பாத்துச் சொல்லுங்க, அக்கட்டால எங்கயாச்சும் மேகம் இருக்குதுங்களா? ஒரு துண்டு? ஒண்ணும் இல்லீங்களா? கீழ, மலைப்பக்கம்? சரி. சரி, மெதுவாப் பேசுங்க. அவளுக்குக் காது நல்லாக் கேக்கும்.

ஆமா கோகிலா! மேகந்தான்! நல்லாக் கட்டிக்கிட்டு வருது, வீட்டுக்குப் போறதுக்குள்ள மழை புடிச்சுக்கும்! நீ கம்பியப் புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திரு, எந்திரிக்காத, நான் வர்றேன்.